தேனில் குழைத்த நல்ல கிருமி

புதிதாக அரசு வேலைக்கு வந்திருக்கும் பல் மருத்துவர்கள் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "மேடம், ப்ரோபயாடிக் மாத்திரை கொடுத்தா குழந்தைகளுக்குச் சொத்தைப் பல்லே வராதாமே, நிஜமா?" நிஜமா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் விற்பனைப் பிரிவில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சம்பவம் மட்டும்தான். அதில் நான் நல்ல பெயர் எடுக்கவில்லை. அதனால் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் என் கடை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் பிடித்து வரும் தூரத்தில் ஓர் அரசு மருத்துவமனை. அதில் பல் பிரிவு என்றால் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேசை, வசந்தா சிஸ்டர், நான். அறைக்குத் திரைதான் உண்டு, கதவு கிடையாது. உள்ளே பேசுவது வரிசையில் நிற்கும் கடைசி ஆளுக்கும் கேட்கும். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை நன்றாக வரும், பொறுமை வராது. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "டாக்டரம்மா பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி மானத்தைப் புடுங்கிருமுங்க" என்று வரிசையில் பேசிக்கொள்வார்களாம். வசந்தா சிஸ்டர் இதை என்னிடம் வந்து சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம்கூட வருத்தம் இருக்காது.

எங்கள் மாவட்டத்தில் சொத்தைப் பல் தடுப்பைப் பற்றிப் பேசுவதில் ஒரு தனித் தொல்லை உண்டு. சமவெளியில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்திலிருந்து அதைக் குடித்தவர்களுக்குப் பல் பழுப்பேறி முளைக்கும். இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, ஆனாலும் அந்தச் சொல்லின் மேல் உள்ள பயம் போகவில்லை. "சொத்தை வராம இருக்க புளோரைடு பேஸ்ட்" என்று நான் வாயைத் திறந்தால் போதும். யாராவது ஒருவர் தன் பழுப்புப் பல்லைக் காட்டி, "இதுக்கு மேலயும் போடணுமாங்க?" என்பார். வரிசையே சிரிக்கும். குடிக்கும் தண்ணீரில் அளவு மீறுவது வேறு, பேஸ்ட்டில் பட்டாணி அளவு தடவித் துப்புவது வேறு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிடும்.

அலுத்துப்போயிருந்த அந்த நேரத்தில்தான் ஒரு மருந்துக் கம்பெனி ரெப் வந்தார். நல்ல பிள்ளை, கழுத்து டை மட்டும் அந்த வெயிலுக்குப் பொருந்தவில்லை.

"மேடம், இதுல புளோரைடே கிடையாது. எல்லாம் நல்ல பாக்டீரியா. சப்பிச் சாப்பிடுற மாத்திரை. சொத்தை பண்ற பாக்டீரியாவுக்கு வாயில உட்கார இடம் கிடைக்காம பண்ணிடும். உங்க மாவட்டத்துக்குன்னே செஞ்ச மாதிரி மேடம்!"

நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் அல்ல. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். சொத்தை உண்டாக்கும் கிருமிகளின் எண்ணிக்கை குறைவதாகச் சில சொல்லின. ஆனால் சொத்தையே குறைகிறதா, எத்தனை காலம் கொடுக்க வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும் என்ற இடத்துக்கு வந்ததும் எல்லாக் கட்டுரைகளும் "இன்னும் ஆராய வேண்டும்" என்று கும்பிடு போட்டுவிட்டன. இன்னும் ஆராய வேண்டுமா, நான் ஆராய்கிறேன் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மேலிடத்தில் அனுமதி வாங்கினேன். பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கினேன். பல் மருத்துவ மாநாட்டில் என் பெயர் போட்ட ஆய்வுப் போஸ்டர் ஒன்று தொங்குவதைக் கனவில்கூடப் பார்த்துவிட்டேன். அதில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, கனவிலும் கோபம் வந்தது.

சித்தேரி மலை ஊர்களிலிருந்து எங்களிடம் வரும் குழந்தைகளைத்தான் தேர்ந்தெடுத்தேன். கீழே சமவெளியில் பழுப்புப் பல்லும் குறைந்த ஓட்டையும், மேலே மலையில் வெள்ளைப் பல்லும் நிறைய ஓட்டையும் என்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வந்தேன். மலையில் குடிப்பது ஊற்றுத் தண்ணீர், அதில் என்ன இருக்கிறது என்ன இல்லை என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

வந்த தாய்மார்களில் ஒருத்தி மாதம்மா. சித்தேரிக்கும் மேலே நடந்து போக வேண்டிய ஒரு சின்ன ஊர். சாமையும் ராகியும் போடுகிற குடும்பம், மழைக்காலம் முடிந்தால் கணவர் காட்டில் தேன் எடுக்கப் போவார். முந்தைய வருடம் அவளுடைய மூத்த பையனுக்குக் கீழ்த்தாடையில் சீழ் பிடித்து, கன்னம் வீங்கிக் கண்ணே மூடிக்கொண்டது. வாயைத் திறக்க முடியாமல் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நாட்கணக்கில் படுக்க வைத்து, பல்லை எடுத்த பிறகுதான் பிள்ளை பிழைத்தான்.

அவள் அன்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "பால் பல்லுதான, வுழுந்து மொளைக்கும்னு வுட்டுட்டேங்க."

ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எதுவும் விழாமலே சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பாதிப் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மாதம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது அவள் மகள் நித்யாவுக்கு ஆறு வயது. ஈறுக்குள்ளிருந்து அதே பல் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"இவளுக்கு அந்தப் பல்லு மட்டும் போவக் கூடாதுங்க டாக்டரம்மா. நீங்க என்னா சொன்னாலும் செய்யறேன்."

இப்படிச் சொல்கிறவர்களிடம்தான் நாம் அதிகக் கவனமாகப் பேச வேண்டும். அவர்கள் நிஜமாகவே செய்துவிடுவார்கள்.

மாத்திரை கொடுத்த முதல் நாள் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். நல்ல கிருமி என்று ஆரம்பித்ததும் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா, "கிருமியவாங்க திங்கக் குடுக்கறீங்க?" என்று எழுந்தே நின்றுவிட்டார். நான் அசரவில்லை.

"தயிருக்கு உறை ஊத்துறோம் இல்ல? அதுவும் நல்ல கிருமிதான். ராத்திரி ஊத்தி, ஆட்டாம அசைக்காம வச்சா காலையில தயிர். இதுவும் அதே மாதிரி. பல்லு விளக்கின பிறகு, படுக்கப் போறப்போ குடுங்க. முழுங்க விடாதீங்க, பல்லுல நல்லாப் படணும். அப்புறம் தண்ணி குடிக்க விடாதீங்க. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். உறை உதாரணம் எனக்கே மிகவும் பிடித்துப் போனது. அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவரிடமும் ஒருமுறை சொல்லிக் காட்டினேன்.

மாதாமாதம் வந்தார்கள். சிலர் வராமலும் இருந்தார்கள். மாதம்மா மட்டும் தவறவே இல்லை. மலை பஸ்ஸில் இறங்கி, அரூரில் வேறு பஸ் மாறி, நித்யாவைக் கையில் பிடித்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்து நிற்பாள். தீர்ந்துபோன மாத்திரைகளின் காலி அட்டைகளை நூலில் கோத்து மாலையாக எடுத்து வருவாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் செய்தது.

ஐந்தாவது மாதம். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப இன்னும் இரண்டு வாரம். மற்றக் குழந்தைகளின் வாயில் பெரிதாக மாற்றம் இல்லை. மோசமாகவில்லை என்பதையே வெற்றியாக எழுதிவிடலாம் என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். நித்யா வாயைத் திறந்தாள்.

பால் பற்களில் புதிதாகப் பள்ளங்கள். முன்பற்களின் ஓரம் கரைந்து பழுப்பாகியிருந்தது. அந்த ஆறு வயதுப் பல்லின் மேல் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைத் திட்டு. பல் கரையத் தொடங்கியதற்கு முதல் அடையாளம் அதுதான். இன்னும் ஓட்டை விழவில்லை, ஆனால் விழப்போகிறது.

எனக்கு மாதம்மாவின் பயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். போஸ்டர்தான் வந்தது. இருந்த குழந்தைகளிலேயே மோசமான வாய், அதுவும் ஒழுங்காக வந்த ஒரே குழந்தையின் வாய்!

"மாத்திரையக் குடுத்தியா, காட்டுல எறிஞ்சியா?" என்றேன்.

"ஒரு நாளும் வுடலீங்க."

"அப்போ மிட்டாயா வாங்கிப் போடுறே."

"எங்கூர்ல கடையே கெடையாதுங்க. வாங்கணும்னா சித்தேரிக்கு நடக்கணுங்க."

"சும்மா கதை சொல்லாதே. நீ பொய் சொல்லலாம், பல்லு பொய் சொல்லாது. பெத்த பிள்ளை பல்லையே இப்படிக் கெடுக்கிறவ, எங்கிட்ட வந்து எதுக்கு அழுதே?"

திரைக்கு அந்தப் பக்கம் வரிசை அமைதியாகிவிட்டது. மாதம்மா கையிலிருந்த அட்டை மாலையை என் மேசைமேல் வைத்தாள். நித்யாவை நாற்காலியிலிருந்து இறக்கினாள். போய்விட்டாள். அடுத்த மாதத்துக்கான மாத்திரையை அவள் வாங்கவில்லை.

கூட்டம் குறைந்த பிறகு வசந்தா சிஸ்டர் அந்த மாலையை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம்."

"மாத்திரைய எறிஞ்சிட்டு அட்டைய மட்டும் கொண்டு வர்றது பெரிய விஷயமா சிஸ்டர்?"

"எறியறவங்க எதுக்கு மேடம் உக்காந்து நூல்ல கோக்கப் போறாங்க?"

பதில் வராதபோது நான் வழக்கமாகச் செய்வது போல, டீ இன்னும் வரவில்லையா என்று கத்தினேன்.

ஆனால் அந்த வெள்ளைத் திட்டு என்னை விடவில்லை. அது திட்டாகவே இருக்கும்வரை பல்லைத் திரும்பக் கொண்டுவர முடியும். அது உடைந்து ஓட்டையானால் முடியாது. அண்ணனுக்குப் போன அதே பல். குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வசந்தா சிஸ்டரும் மலை பஸ்ஸில் ஏறினோம். வளைவுகளில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. சிஸ்டர் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "மோந்துகிட்டே வாங்க, பேசாதீங்க" என்றார். முப்பது வருடத்தில் என்னைப் பேசாதீர்கள் என்று அவர் சொன்னது அன்று ஒருநாள்தான்.

மாதம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த கேள்விகள் நிறைய. குழந்தை என்ன சாப்பிடுகிறாள், எத்தனை தடவை சாப்பிடுகிறாள், யார் வீட்டில் விளையாடுகிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவையெல்லாம் போலீஸ் விசாரணை போலத் தோன்றின. அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மாதம்மா, நான் குத்தம் கண்டுபிடிக்க வரல. ராத்திரியில நீங்க எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

'நீங்க' என்று அவளை நான் கூப்பிட்டது அதுவே முதல்தடவை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. அன்றோடு நிறுத்தியிருந்ததால் இரண்டு மாத்திரை மீதி இருந்தது. முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நித்யாவைக் கூப்பிட்டு, நாங்கள் கொடுத்த பிரஷ்ஷால் பல்லை விளக்கிவிட்டாள். குறை சொல்ல முடியாதபடி விளக்கினாள். பிறகு ஒரு சின்னக் கல் உரலில் மாத்திரையைப் போட்டுப் பொடித்தாள். மாடத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். கறுப்பாய், கெட்டியாய் மலைத்தேன். இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தாள். நித்யாவை மடியில் சாய்த்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். மேல் வரிசை, கீழ் வரிசை, உள்பக்கம், வெளிப்பக்கம். கடைசியாக அந்த ஆறு வயதுப் பல்லுக்கு மட்டும் இன்னொரு தடவை தொட்டு அழுத்தித் தடவினாள். என் வாழ்நாளில் நான் யாருக்கும் அவ்வளவு அக்கறையாக மருந்து பூசியதில்லை.

"வாய மூடிக்க. தண்ணி கேக்கக் கூடாது" என்று மகளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இவ்ளோதாங்க."

வசந்தா சிஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேன் எதுக்கும்மா?" என்றேன்.

"கொழந்தைக்கு மருந்துன்னா தேன்ல கொழைச்சுதானுங்க குடுப்போம். அதுவுமில்லாம நீங்கதான சொன்னீங்க, ஒறை மாதிரின்னு. வெறுங் குண்டாவுல ஒறை ஊத்துனா தயிராவுமாங்க? பாலு வேணுமில்ல? அந்தக் கிருமிக்கும் எதனா திங்கக் குடுத்தாத்தான பெருகும்?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல கிருமிக்கு எதைத் தீனியாகப் போடலாம் என்று மாநாடுகளில் தனி அமர்வே நடக்கும். மலைமேல் ஒரு பெண் அதைத் தானாக யோசித்து, கையிலிருந்த நல்ல பொருளைப் போட்டிருக்கிறாள். ஒரே ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது, அதை நான் சொல்லவில்லை. வாயில் ஏற்கெனவே குடியிருக்கும் கெட்ட கிருமிக்கும் தேன் பிடிக்கும். பந்திக்கு முந்து என்பதை அந்தக் கிருமிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல கிருமி இலை போடுவதற்குள் அவை சாப்பிட்டு எழுந்து அமிலத்தைத் துப்பிவிடும். தூக்கத்தில் எச்சில் வேறு குறைவாக ஊறும், கழுவிவிட ஆளில்லை. படுக்கும் நேரம், பல்லில் படும்படி, தண்ணீர் கொடுக்காமல், ஒரு நாள் தவறாமல். எல்லாம் நான் சொன்னது. சொத்தையை வளர்க்க இதைவிடச் சரியான குறிப்பை யாராலும் எழுதியிருக்க முடியாது.

மெதுவாக விளக்கினேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்போ நானேதான் கெடுத்துட்டனாங்க?"

அந்தக் கேள்வியை நான் யாரிடமிருந்தும் கேட்க விரும்பமாட்டேன். "இல்ல மாதம்மா, நான் கெடுத்தேன். நீங்க நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க. எப்படிக் குடுப்பீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு அப்படிப் பேசினதும் தப்பு. என்னை மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவள் உரலைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"இங்க சொல்லி என்னாங்க ஆவறது? அங்க எங்கூருப் பொம்பளைங்க நாலு பேரு நின்னாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒருத்தியும் எங்கூடப் பேசல. பெத்த புள்ளைக்கு வாங்குன மாத்திரையத் தூக்கி எறிஞ்சவன்னு ஆயிருச்சு. அங்க சொல்லுங்க."

"சொல்றேன். புதன்கிழமை இவளைக் கூட்டிட்டு வாங்க, அந்தப் பல்லுக்கும் மருந்து தடவணும்" என்றேன்.

பல்லின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் நினைப்பெல்லாம் அதிலேயே இருக்கும். இறங்கும்போது அந்த ஊர் ஊற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து சோதனைக்கு அனுப்பினேன். புளோரைடு மிகக் குறைவு என்று வந்தது. அதாவது கீழ் ஊர்க்காரர்களின் பயத்தைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லாத மலைக் குழந்தைகளுக்கும் நான் புளோரைடைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கிறேன். நித்யாவின் பல்லில் புளோரைடு வார்னிஷ் என்ற மருந்துப் பூச்சைத் தடவினோம், சில மாத இடைவெளியில் மறுபடியும் தடவினோம். பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு வேளை, படுக்கும் முன் விளக்கிய பிறகு எதுவும் கிடையாது. தேன் பகல் சாப்பாட்டோடு. பால் பற்களில் இரண்டை அடைத்தேன். அந்த வெள்ளைத் திட்டு மேலே பரவாமல் நின்று, மெல்ல இறுகிப் பளபளப்பாகிவிட்டது. நான் ஓய்வு பெற்ற வருடம் கடைசியாகப் பார்த்தபோதும் அந்தப் பல்லில் ஓட்டை இல்லை.

மீதி இருப்பது அந்தப் புதன்கிழமை.

அன்று காலை பத்து மணிக்கு மாவட்டத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான், வந்த நேரம்தான் நல்ல நேரமில்லை. கூடவே நம் ரெப், கையில் கேமரா. "உங்க ப்ரோபயாடிக் வேலையப் பத்திக் கேள்விப்பட்டேன் டாக்டர். நம்ம மாவட்டத்துக்கே பெருமை. தாய்மார்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார். நான் சொல்லியனுப்பியிருந்த மலை ஊர்த் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். அன்று பஸ்ஸில் பேசாமல் வந்த நால்வரும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து நாலடி தள்ளி, நித்யாவின் கையைப் பிடித்தபடி மாதம்மா.

உண்மையைச் சொல்கிறேன், ஐயா கிளம்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அரை மணி நேரம்தானே. அதில் என்ன குடி முழுகிப் போகிறது? காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, எல்லாமே நியாயமாகவும் இருந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் காரணம் நியாயமாகத் தோன்றினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அதிகாரி வரிசையைப் பார்த்து, "எல்லாரும் டாக்டர் சொன்ன மாதிரி மாத்திரை குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

நான்கு பேரும் மாதம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாதம்மா என்னைப் பார்த்தாள்.

நான் திரையை விலக்கிவிட்டு வெளியே வந்தேன்.

"சார், நான் சொன்ன மாதிரி ஒருத்தர் குடுத்தாங்க. ஒரு நாள் தவறாம குடுத்தாங்க. இதோ நிக்கிறாங்களே, மாதம்மா. போன தடவை இதே இடத்துல, இவங்க எல்லாரும் கேக்கும்படி, இவங்க மாத்திரைய எறிஞ்சிட்டதாப் பேசினேன். அது தப்பு. குழந்தை பல்லு கெட்டது இவங்களால இல்ல, என்னால. தேன்ல குழைக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. எப்படிக் குடுக்கிறீங்கன்னு கேக்கவும் இல்ல."

கேமரா கீழே இறங்கியது. அப்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மற்றவர்களிடம் திரும்பினேன்.

"நீங்கல்லாம் எப்படிக் குடுத்தீங்க? திட்டமாட்டேன், சொல்லுங்க."

திட்டமாட்டேன் என்பதை நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மடை திறந்தது. ஒருத்தி சர்க்கரை போட்ட பாலில் கரைத்திருக்கிறாள். ஒருத்தி தண்ணீரோடு விழுங்க வைத்திருக்கிறாள். இன்னொருத்தி வீட்டில் நாலு பிள்ளைகளுக்கும் ஒரே மாத்திரையை உடைத்துப் பங்கு போட்டிருக்கிறாள், ஓரவஞ்சனை கூடாதாம். கடைசியாக, கிருமியவா திங்கக் குடுக்கறீங்க என்று முதல் நாள் எழுந்து நின்றவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரருக்கு வயிறு சரியில்லாம இருந்துச்சுங்க. அவருதான் சாப்புட்டாரு. இப்ப நல்லாயிருக்காருங்க."

முதலில் சிரித்தது வசந்தா சிஸ்டர். பிறகு வரிசை. பிறகு, நம்பினால் நம்புங்கள், மேலதிகாரி. ரெப் மட்டும் சிரிக்கவில்லை, அவர் அந்த வயிறு சரியான விவரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். போஸ்டர் அன்றோடு போய்ச் சேர்ந்தது. ஆகையால் அந்த மாத்திரை சொத்தையைத் தடுக்குமா என்று நீங்கள் கேட்டால், எனக்கு இன்றுவரை தெரியாது. என் கையில் வாங்கியவர்களில் யாரும் நான் நினைத்தபடி அதைச் சாப்பிடவே இல்லை.

கிளம்பும்போது அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மெமோதான் என்று நினைத்தேன். "டாக்டர், ராத்திரியில நான் ஒரு சூரணம் தேன்ல குழைச்சுத்தான் சாப்பிடறேன். அப்புறம் வாய் கொப்பளிச்சாப் போதுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இத்தனை சிரிப்பிலும் மாதம்மா மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த நான்கு பேரில் ஒருத்தி நகர்ந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். மாதம்மா குனிந்து மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கேட்டியா? ஒரு நாளும் தவறலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. கேட்டியா?"

நித்யா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதில் என்ன புதிது என்பது போல் இருந்தது அவள் முகம்.

"எனக்குத்தான் தெரியுமே! தெனமும் எனக்குத்தான தடவுன?"

ஐந்து மாதமாக அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து திறந்து பார்த்தவள் நான். ஒரு தடவைகூட அவளை நான் பேச விடவில்லை.